பிரெஞ்சுச் சிலைக் கடிகாரத்தில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

பாரிஸில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முழுவதும், கணப்படுப்பின் மேல்தட்டில் வைப்பதற்கென்றே சிலைக் கடிகாரங்கள் செய்தார்கள். யாழோடு அப்போலோ, அம்போடு கியூபிட், புத்தகம் படிக்கும் பெண் என ஏதோ ஒரு உருவம் இருக்கும். அதன் பக்கத்திலோ அடியிலோ சின்னதாக ஒரு வட்ட டயல். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தால், தப்பாக மணி அடித்தால், பொன் மங்கியிருந்தால் என்ன செய்யலாம் என்பதை இங்கே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று புரிந்திருக்க வேண்டும். இந்தக் கடிகாரத்தில் இரண்டு தனித்தனி உழைப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வட்டப் பித்தளை இயந்திரம் ஜாப்பி, மார்ட்டி, வின்சென்டி, பான்ஸ் போன்ற பட்டறைகளிலிருந்து வந்தது. ஏறக்குறைய ஒரே அமைப்பில் ஏராளமாகச் செய்தவை அவை. பழுதானால் திரும்பத் திரும்பச் சரிசெய்யலாம், உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. வெளியே இருக்கும் சிலையும் பீடமும் அப்படியில்லை. ஒருவர் வார்த்து, இன்னொருவர் உளியால் செதுக்கி, மற்றொருவர் பொன் பூசி, வேறொருவர் பூட்டியது. அந்த மேற்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் சிலைக்கும் பீடத்துக்கும் கெடுதல் வராத வேலையை முதலில் செய்யுங்கள்.

கை வைப்பதற்கு முன்

கடிகாரத்தை நகர்த்துமுன் பின்கதவைத் திறந்து பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள். அதை மாட்டியபடியே தூக்கினால் மேலே இருக்கும் மெல்லிய தொங்கு ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அறுந்தே போகும். சிலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பல கடிகாரங்களில் சிலை ஒன்றிரண்டு நட்டுகளில்தான் நிற்கிறது. இரண்டு கையாலும் பீடத்தின் அடியைத் தாங்கித் தூக்குங்கள். விரல் வியர்வை பொன்முலாமில் கறை வைக்கும் என்பதால் நைட்ரில் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

ஆடத் தொடங்குகிறது, சில நிமிடத்தில் நிற்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் இயந்திரத்தில் கோளாறே இருக்காது. கடிகாரத்தை இடம் மாற்றியிருப்பார்கள், டிக் சமநிலை போயிருக்கும்.

கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குறுகி நொண்டினால் நிச்சயம் நிற்கும். பீடத்தின் இடது ஓரத்துக்கு அடியில் ஒரு நாணயம் வைத்துப் பாருங்கள். சத்தம் சமமாகிறதா? இன்னும் மோசமானால் வலப்பக்கம் வையுங்கள். எந்தப் பக்கம் உயர்ந்தால் டிக் சமமாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நாணயம் இல்லாமலே சமமாக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. முதல் வழி எளிது. இந்த இயந்திரம் முன்வளையத்துக்கும் பின்வளையத்துக்கும் நடுவே இரண்டு நீளத் திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். பின்புறமிருந்து அவற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் இயந்திரம் டயலோடு சேர்ந்து மயிரிழை திரும்பும். டிக் சமமானதும் இறுக்கிவிடலாம். ஆனால் 12 எண் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்துபோனால் இந்த வழி போதாது. அப்போது பெண்டுலத்தை இடவலமாகத் தள்ளிவிடும் கவைக்கம்பியைப் பாருங்கள். நாணயம் வைத்து எந்தப் பக்கம் உயர்ந்தபோது சமமானதோ, அதே பக்கமாக அந்தக் கம்பியை மிக மெதுவாகத் தள்ளுங்கள். பிற்காலக் கடிகாரங்களில் அது உராய்வுப் பிடியில் நிற்கும், தானே நகர்ந்து கொடுக்கும். பழையதில் கம்பியைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருக்கும். வளைக்கும்போது கம்பியின் மேல்பகுதியை மற்ற கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

டிக் சமமாக இருந்தும் நிற்கிறதென்றால் தொங்குமுறையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டவற்றில் பெண்டுலம் பட்டுநூலில் தொங்கும். நூல் நைந்தோ அவிழ்ந்தோ இருந்தால் பெண்டுலம் முன்னும் பின்னும் குலுங்கி ஆடும். மெல்லிய, உறுதியான பட்டுநூலை மாற்றிக் கட்டலாம். நைலான் வேண்டாம், இழுபட்டுக்கொண்டே இருக்கும். நூல் ஒரு பக்கத் துளையில் முடிச்சாக நின்று, கீழே வளையமாகத் தொங்கி, மேலேறி ஒரு சின்ன அச்சில் சுற்றியிருக்கும். அறுந்த பழைய நூலை எடுக்குமுன் அதன் பாதையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டுநூல் தொந்தரவு என்று ஸ்பிரிங் தொங்கலுக்கு மாற்றிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் இருந்த நூலமைப்போடே இன்றைக்கு வரை வந்த கடிகாரங்கள் குறைவு.

பிற்காலத்தவற்றில் பாரிஸ் கடிகாரக்காரர் ஆஷில் புரோகோ வடிவமைத்த ஸ்பிரிங் தொங்கல் இருக்கும். இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகளில் ஒன்று மடங்கியிருந்தாலும் ஆட்டம் கோணலாகும். மடிப்பை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அதே அளவில் புதியதை வாங்கி மாட்டுங்கள்.

எப்போதும் ஒரே நேரத்தில் நிற்கிறது

முட்கள் இடிக்கின்றன. சின்ன முள் டயலையோ பெரிய முள்ளையோ தொடுகிறதா, பெரிய முள்ளின் நடு முனை மூடிய கண்ணாடியில் உரசுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் மட்டும் நின்றால் காரணம் வேறாக இருக்கலாம். மணி அடிக்கும் பக்கத்து ஸ்பிரிங் முழுக்க இறங்கியிருக்கும்போது, சில இயந்திரங்களில் மணியெண்ணிக்கையைத் தீர்மானிக்கும் கை, படிக்கட்டாக வெட்டிய தகட்டில் சிக்கி முழுக் கடிகாரத்தையும் நிறுத்திவிடும். இரண்டு சாவித் துளைகளில் பெரும்பாலும் இடது மணிக்கு, வலது நேரத்துக்கு. மணிச்சத்தம் வேண்டாம் என்று இடதை மட்டும் முடுக்காமல் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டையும் முடுக்க வேண்டும்.

சாவி முழுக்க இறுகியிருக்கிறது, ஓடவில்லை

"அளவுக்கு மேல் முடுக்கிவிட்டோம்" என்று பயப்படுவார்கள். ஸ்பிரிங்கைக் கடைசிவரை முடுக்குவது தவறே இல்லை. ஓடாததற்குக் காரணம் அச்சுத் துளைகளில் காய்ந்து பிசினாகிவிட்ட பழைய எண்ணெய். அதன்மேல் தேங்காய் எண்ணெயோ தையல்மெஷின் எண்ணெயோ விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு அழுக்கோடு சேர்ந்து அச்சைத் தேய்க்கும்.

இந்த இடத்தில் வீட்டு வேலை முடிகிறது. முடுக்கிய ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போது தகடுகளைப் பிரித்தால் சக்கரப் பற்கள் உடையும், விரலும் உடையும். ஸ்பிரிங்கைப் படிப்படியாக இறக்கத் தெரிந்த கடிகாரக்காரரிடம் இயந்திரத்தை மட்டும் கழற்றிக் கொடுங்கள். சிலையும் பீடமும் வீட்டிலேயே இருக்கட்டும். டயலின் நடுவில் எஸ்கேப்மென்ட் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டு டிக் சத்தம் எழுப்பும் பகுதி) வெளியே தெரிகிற கடிகாரமாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அதில் இருக்கும் சிவப்புக் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் கழன்று விழும்.

முந்துகிறது அல்லது பிந்துகிறது

டயலில் 12க்கு மேலே ஒரு சின்ன சதுர முனை தெரிகிறதா? இரட்டைமுனைச் சாவியின் சிறிய முனை அதற்குத்தான். பக்கத்தில் ஏ, ஆர் என்ற பிரெஞ்சு எழுத்துகள் இருந்தால் ஏ முந்தவைக்கும், ஆர் பிந்தவைக்கும். அந்த முனை இல்லாதவற்றில் பெண்டுலக் குண்டுக்கு அடியில் நட்டு இருக்கும். குண்டு மேலேறினால் வேகம், கீழிறங்கினால் மெதுவு.

எவ்வளவு திருப்புவது? எடுத்துக்காட்டாக, 149 மில்லிமீட்டர் நீளப் பெண்டுலத்தில் நாளுக்கு ஒரு நிமிட வித்தியாசம் என்பது நீளத்தில் வெறும் 0.2 மில்லிமீட்டர். அதனால் ஒரு துளி திருப்பி, ஒரு முழு நாள் விட்டு, அப்புறம் பாருங்கள். பட்டுநூலில் தொங்குவது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். மழைக்காலத்தில் அதன் நேரம் மாறினால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பெண்டுலமே காணோம்

ஏலத்திலும் பழம்பொருள் கடையிலும் வாங்கியவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது. நல்ல செய்தி என்னவென்றால், தேவையான நீளம் பெரும்பாலும் இயந்திரத்திலேயே எழுதியிருக்கும். பின்தகட்டில் வரிசை எண்ணைத் தவிர, கீழ்ப்பக்கம் தனியாக இரண்டு சின்ன எண்கள் பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். 5, 6 என்று இருந்தால் பழைய பிரெஞ்சு அளவில் 5 அங்குலம் 6 கோடு என்று பொருள். பிரெஞ்சு அங்குலம் 27.07 மில்லிமீட்டர், 12 கோடு சேர்ந்தால் ஒரு அங்குலம். ஆக ஏறக்குறைய 149 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு நிமிடத்தில் சுமார் 155 டிக் வரும். இந்தக் கணக்கை வைத்துப் பொருத்தமான பெண்டுலம் தேடலாம். பெட்டியில் பழைய குண்டு எதுவும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இயந்திரத்தின் வரிசை எண் அதிலும் இருந்தால் அது இதனுடையதேதான்.

மணி தப்பாக அடிக்கிறது

இந்தக் கடிகாரங்கள் மணிக்கு அத்தனை அடியும் அரை மணிக்கு ஓர் அடியும் அடிக்கும். 12 மணி நேரத்தில் மொத்தம் 90 அடி. முட்கள் 4 என்று காட்டும்போது 7 அடித்தால் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். சின்ன முள் உராய்வுப் பிடியில்தான் நிற்கிறது. அதை அடியோடு பிடித்து 7க்கு நகர்த்துங்கள். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி மட்டும் சுற்றி, ஒவ்வொரு மணியிலும் அரை மணியிலும் அடித்து முடிக்கும்வரை நின்று, சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

அரை மணியில் பல அடியும் மணியில் ஓர் அடியும் வந்தால் ஒரு அடித்தொகுதி முன்பின்னாகிவிட்டது என்று பொருள். பின்புறம் வெட்டுகள் கொண்ட எண்ணிக்கைத் தகடு தெரியும் இயந்திரமாக இருந்தால், மணி அடிப்பை விடுவிக்கும் நெம்புகோலை ஒருமுறை மெதுவாகத் தூக்கிக் கூடுதலாக ஒரு தடவை அடிக்கவிடுங்கள். சரியாகிவிடும்.

மணி மொட்டையாக ஒலிக்கிறதா? சுத்தி அடித்தபிறகு மணியைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. சுத்தித்தண்டைத் துளி வளைத்து, ஓய்வில் இருக்கும்போது இடைவெளி தெரியும்படி வையுங்கள்.

பொன் மங்கிவிட்டது, கறுத்துவிட்டது

இந்த வழிமுறையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். மேலே சொன்ன எல்லாக் கோளாறையும் சேர்த்தாலும் இவ்வளவு சேதம் வந்திருக்காது. நல்லெண்ணத்தோடு துலக்கியே பல கடிகாரங்களின் தங்கத்தை மனிதர்கள் துடைத்தெடுத்திருக்கிறார்கள்.

பழைய பொன்முலாம் எப்படி வந்தது தெரியுமா? தங்கத்தைப் பாதரசத்தில் சேர்த்துப் பசையாக்கி வெண்கலத்தின்மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் பிடித்துக்கொள்ளும். பிறகு பளபளக்க வேண்டிய இடங்களை மட்டும் அகேட் போன்ற கடினக் கல்லால் தேய்ப்பார்கள், மீதியை மென்மையான மங்கலாகவே விடுவார்கள். தோல் மங்கல், ஆடையின் மடிப்பு விளிம்பு பளபளப்பு. சிலைக்கு உயிர் வருவது அந்த வித்தியாசத்தில்தான். பாதரச ஆவி முலாம் பூசுவோரின் உடலைக் கெடுத்தது. பாரிஸின் பெயர்பெற்ற வெண்கலக் கலைஞர் ராவ்ரியோ 1814இல் இறந்தபோது, அவர்களைக் காக்கும் வழி கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் பரிசாக எழுதிவைத்தார். ஆவியை இழுத்து வெளியேற்றும் உலையை வடிவமைத்து அந்தப் பரிசைப் பெற்றவர் வேதியியலாளர் தார்சே. 1840களில் மின்முலாம் வந்தது. அத்தனை பேர் உடம்பைக் கொடுத்துப் பூசிய தங்கம், தடிமனில் சில மைக்ரான்தான். பித்தளை பாலிஷ், புளி, எலுமிச்சை, விளக்கும் பொடி, பல்பசை எதுவும் கிட்டவே வரக்கூடாது.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் அழுக்கா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல கடிகாரங்களில் பீடம் பொன்னாகவும் சிலை அடர்பழுப்பாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே செய்தார்கள். அந்தப் பழுப்பு ஒரு பூச்சு. 1799இல் பாரிஸ் வெண்கலக் கலைஞர் தெவெர்பெரி வரைந்த ஆப்பிரிக்கா, அமெரிக்கா உருவகக் கடிகாரங்களில் முகமும் உடலும் கறுப்பு, அணிகலன் பொன், கண் வெள்ளை. அதைத் துலக்கினால் சிலையின் பொருளே போய்விடும்.

உண்மையிலேயே தூசியும் புகையும்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். இயந்திரத்தையும் டயலையும் கழற்றி வேறு அறையில் வைக்கவும். மென்மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டவும். காய்ச்சி வடித்த நீரில் காரமில்லாத சோப்பு இரண்டு துளி விட்டு, பஞ்சுக்குச்சியைத் தொட்டுப் பிழிந்து, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் நகத்தளவு இடத்தில் உருட்டிப் பார்க்கவும். பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் அழுக்கு. மஞ்சள் மினுமினுப்பு வந்தால் நிறுத்திவிடவும். சரியாக இருந்தால் சின்னச் சின்ன இடமாகச் செய்து, வெறும் நீர்ப்பஞ்சால் துடைத்து, மடிப்புகளில் ஈரம் நிற்காமல் குளிர்ந்த காற்றால் உலர்த்தவும். பச்சைப் புள்ளிகள் போகவில்லையென்றால் சுரண்டாமல் விடுங்கள். சூடு காட்டுவதும் உப்புத்தாள் போடுவதும் கூடவே கூடாது, பழைய முலாமில் பாதரசம் கொஞ்சம் தங்கியிருக்கும்.

சிலையில் வெள்ளைப் பொடி, விரிசல், உடைந்த விரல்

அது வெண்கலமாக இருக்காது, துத்தநாகக் கலவையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுத்தரக் குடும்பங்களும் வாங்கும் விலையில் விற்க, இந்த உலோகத்தில் வார்த்து மேலே வெண்கல நிறமோ பொன் நிறமோ கொடுத்தார்கள். அடிப்பக்கத்தில் மெல்லக் கீறினால் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் வெள்ளை தெரியும். தட்டினால் கணீரென்று கேட்காது. மலிவு என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல சிற்பிகளின் உருவங்கள் பலவும் இந்த உலோகத்தில்தான் எளிய வீடுகளுக்குள் வந்தன.

இதற்குத் தண்ணீரே வேண்டாம், உலர்ந்த தூரிகை மட்டும். கடலோர ஊர் என்றால் கடிகாரத்தை மூடும் கண்ணாடிக் கவிகைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். உடைந்த கையைப் பற்றவைக்க வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வெண்கலம் ஒட்டும் சூட்டில் சிலையே சரிந்து விழும். அருங்காட்சியகத்தார் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 போன்ற, பின்னால் கரைத்தெடுக்கக்கூடிய பசை போதும்.

சிலை ஆடுகிறது

பீடத்தைப் பக்கவாட்டில் மெத்தைமேல் சாய்த்து அடியைப் பாருங்கள். திருகு நட்டு தளர்ந்திருக்கும். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும். துத்தநாகச் சிலையில் அந்தக் கால் சுற்றும் வேண்டாம், திருகுமரை உடைந்து வரும். பளிங்குப் பீடமானால் நட்டுக்கு அடியில் தோல் வளையம் போடுங்கள்.

டயலில் மயிர்க்கோடு

எனாமல் டயலில் மெல்லிய கீறல்கள் வயதின் அடையாளம், அவை தாமாகப் பெருகாது. அழுக்கு இறங்கியிருந்தால் ஈரப் பஞ்சால் எண்களைத் தொடாமல் துடைக்கலாம். டயலில் இருக்கும் பெயர் பல சமயம் சுடாமல் மேலே எழுதப்பட்டது, ஒரே தேய்ப்பில் அழியும். அந்தப் பெயருக்குக் கிட்டேகூடப் போகாதீர்கள்.

சிலையின் கையில் துளை, பிடித்திருந்த பொருள் இல்லை

அம்பு, தீப்பந்தம், ஈட்டி, யாழ் நரம்பு எல்லாம் தனியாக வார்த்துச் செருகியவை, முதலில் தொலைவதும் அவைதான். என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பீடத்தின் முன்பக்கப் புடைப்புச் சிற்பத்தைப் படியுங்கள். மேலே இருக்கும் உருவத்தின் கதையைத்தான் அது பெரும்பாலும் தொடர்ந்து சொல்லும். தலைக்கவசம் இருந்தால் மினர்வா, கை ஈட்டியைத் தேடுகிறது. நெற்றியில் பிறை என்றால் டயானா, வில். அமெரிக்கச் சந்தைக்காகப் பாரிஸில் கடிகாரக்காரர் துபுக் செய்த, ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் கொண்ட கடிகாரத்தில் ஒரு கையில் சுருளும் மறுகையருகே உடைவாளும் வரும். ஒரே அச்சில் பல பிரதிகள் வார்த்ததால், முழுமையான இன்னொன்று எங்காவது இருக்க வாய்ப்பு அதிகம். பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் உள்ள பிரான்சுவா துஸ்பெர்க் அருங்காட்சியகத்தில் இந்த வகைக் கடிகாரங்களின் பெரிய தொகுப்பு உண்டு. அதன் படங்களோடு ஒப்பிடத் தொடங்குங்கள்.

மாற்றுப் பொருள் செய்வதானால் பித்தளையில் செய்து, துளையில் சும்மா செருகி நிற்கும்படி அளவெடுங்கள். ஈயப்பற்று வேண்டாம், துளையைப் பெரிதாக்கவும் வேண்டாம். செருகும் முனையில் செய்த ஆண்டைப் பொறித்துவிடுங்கள். பழைய அம்பு ஒருநாள் கிடைத்தால் புதியதை உருவிவிட்டு அதைச் செருகிவிடலாம்.